கடுமை வேறு, காத்திருப்பு வேறு

விளையாட்டிற்குத் தடையே உயிர். மூச்சடக்கிப் பாட வேண்டும் என்னும் விதி இல்லையேல் சடுகுடு இல்லை. காய்களின் போக்கிற்கு வரையறை இல்லையேல் சதுரங்கம் இல்லை. ஆகவே, ஒரு விளையாட்டு கடுமையானது என்பது குறையாகாது. அக்கடுமை ஆடுவோரிடம் எதனைக் கேட்கிறது என்பதே ஆராயத்தக்கது. திறனைக் கேட்கிறதா? பொழுதை மட்டும் கேட்கிறதா? பலர் ஒருங்குகூடி வேடமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளுள் பழையனவற்றை மதிப்பிடுவோர் முதற்கண் எழுப்பவேண்டிய வினா இதுவே.

இவ்வகையில் முன்னோடியாக நின்றவற்றுள் ஒன்று 1999 மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’. நோராத் என்னும் கற்பனை உலகில் போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ பூசகராகவோ தோன்றி, பகையை வென்று, படிப்படியாக உயர்வதே ஆட்டம். அவ்வுலகம் அந்நாளில் பெருவியப்பை விளைத்தது. அதன் சட்டங்களோ இரக்கமற்றவை.

சாவை எடுத்துக்கொள்வோம். வீழ்ந்தவர், முன்னரே குறித்துவைத்த இடத்தில் வெறுங்கையராய் மீண்டெழுவார். ஆடையும் ஆயுதமும் பிணத்தோடு கிடக்கும். தொடக்கப் படிகளைக் கடந்தவராயின், ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதியும் பறிபோகும். சிலவேளை ஏறிய படியினின்றும் இறங்க நேரும். எப்பகைவனால் வீழ்ந்தாரோ அவன் உலவும் இடத்திற்கே வாளும் கவசமுமின்றி அவர் திரும்பிச் செல்லவேண்டும். உரிய காலத்திற்குள் மீட்காவிடின் பிணம் பொருளோடு அழிந்துபோகும்.

காத்திருப்பும் இதற்குக் குறைந்ததன்று. மந்திரவாதி இழந்த ஆற்றலைப் பெற அமர்ந்து தியானிக்க வேண்டும். தொடக்க காலத்தில், 35ஆம் படியை எட்டும்வரை, அமர்ந்தவுடன் மந்திர ஏடு திரையை மறைத்துக்கொள்ளும். சுற்றிலும் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கடல் கடக்க விரும்புவோர் கப்பல் வரும்வரை துறையில் நிற்க வேண்டும். ‘கூக்’ நிலவறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பேயிடமிருந்து கிடைக்கும் கறுப்புப் பட்டுக் கச்சை, தாக்கும் வேகத்தைக் கூட்ட வல்லது. அப்பேயோ எப்போதாவது தோன்றும். தோன்றினும் கச்சை கிடைப்பது உறுதியன்று. எனவே, ஒரே அறையில் மணிக்கணக்காய்க் குந்தியிருப்பதும், அடுத்த முறைக்கு வரிசை பிடிப்பதும் வழக்கமாயின.

இவை யாருடைய கொடுமனத்தாலும் விளைந்தன அல்ல. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்னும் எழுத்துவடிவ விளையாட்டின் வழிவந்த மரபு இது. படமும் நிறமும் வந்தபின்னும் பழஞ்சட்டங்கள் பல மாறவில்லை. மேலும், திங்கள்தோறும் கட்டணம் பெறும் நிறுவனத்திற்கு ஆடுவோரின் பயணம் நீள்வது இழப்பாகாது என்பதும் மறக்கற்பாலதன்று.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவதே நடுநிலை. தனியே மீட்கமுடியாத பிணத்தை மீட்கப் பிறர் துணை தேவைப்பட்டது. பிணத்தை இழுத்துவர உரியவர் ஒப்புதல் தரலாம். பூசகர் உயிர்ப்பித்து, இழந்த புள்ளிகளில் பெரும்பகுதியை மீட்டுத் தரலாம். முன்பின் அறியாதார் நள்ளிரவில் ஒருவர்க்கொருவர் உதவினர். நம்பிக்கைக்குரியவர் யார், ஏய்ப்பவர் யார் என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. துன்பம் அங்கே நட்பை வளர்த்தது என்பதை மறுத்தல் இயலாது.

2004இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இச்சட்டங்களை நெகிழ்த்தியது. அதிலும் ஆவியாய் ஓடி உடலை அடையவேண்டும். ஆயினும் பொருளும் புள்ளியும் பறிபோவதில்லை. 2009 இறுதியில் ஒரு பொத்தானை அழுத்தினால் துணைவரைத் தேடித்தரும் ஏற்பாடும் அதில் வந்தது. தொல்லை தீர்ந்தது, கூடவே, அயலாரோடு பேசவேண்டிய தேவையும் குறைந்தது. அதே 2009இல் பழைய எவர்குவெஸ்ட்டை மீண்டும் ஆட அன்பர்கள் ‘புராஜெக்ட் 1999’ தொடங்கினர். 2019இல் வார்கிராஃப்ட் நிறுவனமே தன் பழைய வடிவைத் திரும்ப வெளியிட்டது. வெறும் ஏக்கம் என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. ஆடுவோர் தேடியது கப்பல்துறைக் காத்திருப்பை அன்று. அத்துறையில் கிடைத்த பேச்சுத் துணையையே எனலாம்.

பழமையைப் போற்றுவோர் இங்கேதான் வழுவுகின்றனர். நட்பு பிறந்த இடத்தில் இருந்த இன்னல் அனைத்தையும் நட்பின் காரணம் என்று அவர்கள் கொள்கின்றனர். பிறர் உதவியைத் தேவையாக்கும் சட்டம் காரணமாகலாம். கண்ணை மறைத்த மந்திர ஏடு யாரை யாரோடு இணைத்தது? கணக்கில் தவறிய மாணவனை அக்கணக்கை மீண்டும் செய்விப்பது பயிற்சி; அவனை முற்றத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைப்பது தண்டனை. இரண்டையும் ‘கண்டிப்பு’ என்னும் ஒரே சொல்லால் அழைப்பது பிழை.

இப்பிழையின் சுமை எல்லார்மேலும் ஒருபடித்தாய் விழுவதில்லை. ஓய்வு மிக்கவர் ஆறு மணி நேரம் வரிசையில் நிற்பார். வேலை முடிந்து, பிள்ளைகளை உறங்கவைத்து, ஒரு மணி நேரம் ஆட வருபவர் அக்கச்சையைக் காணவே மாட்டார். அவரிடம் இல்லாதது திறமையன்று, பொழுதே. திறமையை அளப்பதாகச் சொல்லி ஓய்வை அளக்கும் சட்டம் நீதியான சட்டமாகாது.

ஆகவே, விளையாட்டை ஆக்குவோர் கடுமையை வைக்கட்டும். ஒருவரையொருவர் நாடச் செய்யும் இடர்களையும் வைக்கட்டும். எதையும் கற்பிக்காது, எவரையும் இணைக்காது, வாழ்நாளை மட்டும் தின்னும் காத்திருப்பை நீக்கட்டும். விளையாட்டேயாயினும் அதில் செலவாகும் நாழிகை மெய்யான நாழிகையே அன்றோ?