வெட்டுப்பட்ட தமிழோசை

காரைக்காலுக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் நடுவே கடல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். 2013 மார்ச்சில் காரைக்காலில் சிற்றலை வானொலி வைத்திருந்தவரால் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையை முழுதாகக் கேட்க முடிந்தது. அக்கரையில் யாழ்ப்பாணத்தில் பண்பலையில் கேட்டவருக்கோ நிகழ்ச்சி இடையிலேயே அறுபட்டது. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இலங்கையில் தமிழோசையின் பண்பலை ஒலிபரப்பு அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வழியாகவே போனது. விசை அரசின் கையில் இருந்ததால், வேண்டாத பகுதியை நிறுத்த ஒரு விரல் போதும். வெளிநாட்டு வானொலிகளை மறைக்க விரும்பிய சோவியத் ஒன்றியத்துக்கு இந்த வசதி இல்லை. அதே அலைவரிசையில் இரைச்சல் பரப்ப நாடு முழுதும் நிலையங்களைக் கட்டி, பல பத்தாண்டுகள் பெரும்பணம் செலவிட்டது. அப்படியும் நகரத்தைத் தாண்டிப் போனால் இரைச்சல் மெலிந்து குரல் கேட்கும். பிபிசியின் ரஷ்ய ஒலிபரப்பை மறைப்பதை மாஸ்கோ 1987இல் கைவிட்டது. கொழும்பின் வழியோ மலிவானது, சத்தமில்லாதது.

2009இல், உள்நாட்டுப் போரின்போதும் இதே குறுக்கீடு நடந்தது. அதற்கு அரசின் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு: போர்க்காலத்தில் அயல்நாட்டுக் குரலை எதற்கு நம்ப வேண்டும்? பிபிசியின் தமிழ்ச் சேவையே 1941இல், பிரிட்டனின் போர்த் தேவைக்காகப் பிறந்ததுதான். அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் செய்தி பொய்யென்றால் மறுக்கலாம்; அரசிடம் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. போர் நடந்த வன்னிக்குள் சுதந்திரச் செய்தியாளர்களை விடாத அரசு, வெளியிலிருந்து வந்த செய்தியையும் அறுத்தது. உறவினர் என்ன ஆனார்கள் என்று தவித்த மக்களிடமிருந்து அது பறித்துக்கொண்டது செய்தியைத்தான். பாதுகாப்பு என்ற காரணம் இங்கே நிற்காது.

பிபிசியையும் விட்டுவிட முடியாது. 2009 பிப்ரவரியில், போர் உச்சத்தில் இருந்தபோது, இதே குறுக்கீட்டைக் கண்டித்து அது பண்பலைச் சேவையை நிறுத்தியது. பிறகு அதே ஏற்பாட்டுக்குத் திரும்பி, 2013இல் மறுபடி நிறுத்தியது. இரண்டு முறையும் கேட்பவருக்கு மிஞ்சியது சிற்றலையும் இணையமும்தான். அந்தச் சிற்றலைத் தமிழோசையையும் 2017 ஏப்ரல் 30 அன்று பிபிசியே மூடிவிட்டது. கொழும்பு முழுதாக முடிக்காத வேலையை லண்டன் முடித்துவைத்தது என்பேன்.

இணையம் இருக்கிறதே என்பார்கள். தமிழ்நெட் செய்தித் தளம் இலங்கையில் 2007இலேயே முடக்கப்பட்டது. 2022 ஏப்ரலில், மக்கள் போராட்டம் வெடித்தபோது, சமூக ஊடகங்கள் பல மணி நேரம் முடங்கின. இந்தியாவில், நம் பக்கமும் நிறைவாக இல்லை: தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது, ஆகாசவாணியின் செய்தியைத்தான் மறுஒலிபரப்பலாம். பிரதமர் மோடி பற்றிய பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகளை நீக்க 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு உத்தரவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: ஒரு நாட்டு மக்களுக்குச் செய்தி சொல்ல விரும்பும் நிறுவனம், அந்நாட்டு அரசின் விசையை மட்டும் நம்பக்கூடாது. எல்லை தாண்டி நேராக வரும் சிற்றலையை, கேட்பவர் சிலரே ஆனாலும், கைவிடக்கூடாது. தமிழுக்கு அதை மூடியது தவறு.