கடல்நீர்த் தொட்டியும் ஆறு வாரக் கெடுவும்

புதிதாகக் கடல்நீர் மீன் தொட்டி அமைக்கப் புகுவோருக்கு, அத்துறையில் பழகியவர்கள் சொல்லும் முதல் உபதேசம், உப்புநீர் நிரப்பி, மணலும் பாறையும் இட்டு, நீரோட்டத்துக்கான பம்புகளை ஓடவிட்ட பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் வரையில் ஒரு மீனைக்கூட உள்ளே விடலாகாது என்பதாகும். சைக்கிளிங் என்று அவர்கள் வழங்கும் இந்தக் காத்திருப்பு அவசியமானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதன் அளவை நாட்காட்டியைக் கொண்டு நிர்ணயிக்கும் வழக்கந்தான் பரிசீலனைக்கு உரியது.

மீன் தன் செவுள்களின் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. தின்னாமல் எஞ்சிய இரையும் அழுகி அதையே தருகிறது. பரந்த கடலில் இந்த நஞ்சு கரைந்து மறைந்துவிடும். இருநூறு லிட்டர்த் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது ஜீவராசிகளின் செயலே என்பதை 1877-ஆம் ஆண்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் நிரூபித்தனர். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு வகை என்று பிரித்துக் காட்டினார். பாறையின் நுண்துளைகளிலும் மணலின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழும் இந்த நுண்ணுயிர்கள் பெருகுவதில் மிக மந்தமானவை. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா அனுகூலமான சூழலில் இருபது நிமிஷத்தில் இரு மடங்காகிவிடும். இவற்றுக்கோ பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு முழு நாள்கூட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்குக் கடல்நீரின் காரத்தன்மை ஆபத்தை மிகுவிக்கிறது. மொத்த அம்மோனியாவில், செவுளைக் கடந்து உடலுக்குள் புகவல்ல கொடிய வடிவம், பிஎச் 7 ஆக உள்ள நன்னீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பிஎச் 8.2 ஆக உள்ள வெதுவெதுப்பான கடல்நீரில் அது ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை ஏறிவிடுகிறது.

ஆறு வாரக் கெடுவின் சிறப்பை இந்தப் பின்னணியில்தான் உணர வேண்டும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கிச் சென்று மூன்றாம் நாள் அதைப் பிணமாக எடுப்பவர்கள் இன்றும் உண்டு. பரிசோதனைக் கருவியோ ரசாயன அறிவோ இல்லாத ஒருவரிடம் நிறுத்தற்குறி போல ஓர் எண்ணைச் சொல்லிவைப்பது அவருடைய அவசரத்துக்குத் தடையாகிறது. அந்த அளவில் அதற்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் அந்த எண் காலத்தை மட்டுமே அளக்கிறது. தொட்டியின் ஆற்றலை அது அளப்பதே இல்லை. காய்ந்த பாறையையும் புது மணலையும் இட்டு, அம்மோனியாவுக்கு யாதொரு மூலமும் வைக்காமல், ஆறு வாரம் தெளிந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் தொட்டி, இறுதி நாளிலும் முதல் நாளில் இருந்த அளவே பக்குவமற்றது; உண்ண ஏதுமின்றி எந்த பாக்டீரியாவும் பெருகுவதில்லை. இதற்கு நேர்மாறாக, 1961-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் லீ சின் எங் எடுத்துரைத்த இயற்கை முறையைத் தழுவி, கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறையைக் கொண்டு அமைத்த தொட்டியில், பயணத்தில் இறந்துபோன உயிரினங்களின் அழுகல் தீர்ந்துவிட்டிருக்குமானால், ஓரிரு வாரத்துக்குள்ளேயே சிறிய மீனொன்றைத் தாங்கும் ஆற்றல் அமைந்துவிடலாம். நம் நாட்டில் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதால், மன்னார் வளைகுடாவின் பாறைகளில் கை வைப்பதற்கில்லை. அது மிகவும் நியாயமான தடையே. ஆகவே காய்ந்த பாறையோ சுட்ட மண் பாறையோதான் நமக்குக் கதி. காய்ந்த பாறைத் தொட்டிக்கும் உயிர்ப்பாறைத் தொட்டிக்கும் ஒரே கெடுவை விதிப்பது எங்ஙனம் பொருந்தும்?

டாம்சல் போன்ற மலிவான, உரங்கொண்ட மீன் ஒன்றை முதலில் விட்டு, அது வெளியிடும் அம்மோனியாவைக் கொண்டே தொட்டியைப் பழக்கும் முறை நெடுங்காலம் சர்வசாதாரணமாக வழங்கிற்று. இதை நான் அடியோடு நிராகரிக்கிறேன். செவுள் வெந்து தவிக்கும் ஒரு ஜீவனைப் பரீட்சைக் கருவியாக்குவது கொடுமை. அது பிழைத்துக்கொண்டாலோ, தொட்டி முழுவதையும் தன் எல்லையாக வரித்துக்கொண்டு பின்னால் வருவனவற்றையெல்லாம் விரட்டிக் கடிக்கும், பாறைகளுக்கிடையே அதைப் பிடித்து அகற்றுவதும் எளிதன்று.

மீனின்றி, அம்மோனியம் குளோரைடை அளந்து இட்டுப் பழக்கும் முறையே எனக்கு உகந்தது. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா இட்டு, ஒரு நாள் கழித்து அது முற்றும் நீங்கியிருக்கக் கண்டால், கெடு நான்காம் வாரமாயினும் எட்டாம் வாரமாயினும் அன்றுதான் முடிகிறது. பச்சை இறாலை அழுகவிடும் பழைய உபாயம் பலித்தாலும், அதில் எவ்வளவு அம்மோனியா பிறந்தது என்று யாரும் அறிய முடியாது. அளந்து இடுவதிலும் இடர்கள் உண்டு. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் கொட்டினால் நைட்ரைட்டை மாற்றும் பாக்டீரியாவே முடங்கிப்போகும். நைட்ரைட் மிகுந்திருக்கையில் நைட்ரேட் பரிசோதனை பொய்க்கணக்குக் காட்டும். அந்த நைட்ரைட் பூஜ்யமாகும் வரை பல வாரம் கலங்குவதும் வீணே. கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு அது செவுளுக்குள் புகாமல் தடுப்பதால், நன்னீரில் போல அது இங்கே கொல்வதில்லை. வேறொன்றும் சிந்திக்கத்தக்கது. சியாட்டில் நகரத்துக் காட்சிசாலையின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து பிரித்தெடுத்து, 2005-இல் அறிவிக்கப்பட்ட நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்னும் நுண்ணுயிர் பாக்டீரியாவே அன்று. ஆர்க்கியா என்னும் வேறு குலத்தைச் சேர்ந்தது, மிகச் சொற்பமான அம்மோனியாவைக் கொண்டே வாழ வல்லது. முதிர்ந்த தொட்டியை நடத்தும் கூட்டமும், தொடக்கத்தில் நாம் மிகுதியாக ஊட்டி வளர்க்கும் கூட்டமும் ஒன்றேயாக இருக்க வேண்டியதில்லை.

புட்டியில் விற்கும் பாக்டீரியாவையோ, முதிர்ந்த தொட்டியிலிருந்து எடுத்த பாறைத் துண்டையோ இடுவது பாலுக்கு உறைமோர் குத்துவதை ஒக்கும். உறை நன்றாயிருந்தால் காலம் வெகுவாகக் குறையும், வெயிலில் கிடந்து செத்த புட்டியானால் ஒரு பயனும் விளையாது. இரண்டில் எது நேர்ந்ததென்பதையும் அம்மோனியாப் பரிசோதனை ஒன்றே காட்டும்.

பரிசோதனை தேறிய மறுநாளே எட்டுப் பத்து மீன்களை வாங்கி விடுவதும் தவறு. அன்றைக்குத் தேறியது குறிப்பிட்ட ஓர் அளவுச் சுமைக்கே. ஆதலால் ஒன்றிரண்டு சிறு மீன்களோடு தொடங்கி, அடுத்தடுத்த சேர்க்கைகளுக்கிடையே இரண்டு மூன்று வார இடைவெளி விடுவதே முறை. இதற்கப்பால் நாட்காட்டிக்கு உண்மையாகவே ஒரு ஸ்தானம் உண்டென்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டயட்டம் என்னும் பழுப்புப் படிவும் பச்சைப் பாசியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தணிவதற்கும், பாறையிடுக்குகளில் கோப்பிபாடு முதலிய நுண்ணிய ஓட்டுயிர்கள் பெருகுவதற்கும் மாதங்கள் ஆகின்றன. அவற்றின் நிலையை எந்தப் பரிசோதனைக் கருவியும் எண்ணாகத் தந்துவிடாது. அந்த ஓட்டுயிர்களையே நாள் முழுதும் கொத்தித் தின்று ஜீவிக்கும் மாண்டரின் மீனை ஆறாம் வாரத்தில் வாங்கி விடுபவர், அம்மோனியா பூஜ்யமாயிருந்தும் அது மெலிந்து சாவதைக் காண நேரிடும். அதற்கும், கடல் சாமந்திக்கும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்கச் சொல்லும் வழக்கத்தை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.