ஆற்றுப்படையும் இக்காலப் பரிந்துரையும்

பரிசில் பெற்ற பொருநன் ஒருவன், பெறாத பொருநனை வழியிற் கண்டு கரிகாலனிடம் ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை. ஆற்றுப்படுத்துவோன் தான் உண்ட ஊனையும், உடுத்த நுண்ணிய ஆடையையும், கரிகாலன் அளிக்கும் பொற்றாமரையையும், நாற்பரித் தேரையும் ஒளியாது உரைக்கின்றான். இது பரிசில் பெற்றவன் புகழ்ச்சி என்பதைக் கேட்போன் அறிவான். அறிந்தே கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளுவான். பெற்றதை உரைத்தலே இவ்விலக்கிய வகையின் உயிர்நிலை என்க.

இன்று சமூக ஊடகங்களிலும் ஆற்றுப்படுத்துவோர் பலர் உளர். அவர்கள் புகழும் முகப்பூச்சும் மூட்டுவலித் தைலமும் கெலுகோர் வீடுகள் வரை வந்து சேருகின்றன. "நான் நாள்தோறும் பயன்படுத்துகின்றேன்" என்பர்; பெற்றுக்கொண்டதை மட்டும் பலர் உரையார்.

இதற்கு விதிகள் இல்லாமலில்லை. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறை 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட கையேடு, பணமே அன்றி இலவசப் பொருள், பயணம், விடுதித் தங்கல் ஆகியவற்றையும் வெளிப்படுத்துக என்கின்றது. மலேசியாவில் 2022-இல் வந்த உள்ளடக்க நெறித்தொகுப்பும் ஊதியம் பெற்ற பரிந்துரையை அறிவிக்கச் சொல்கின்றது.

நோக்கம் நன்று, குறை சொல்லாட்சியில் உள்ளது. இந்திய நெறிமுறைகள் இரண்டும் 'விளம்பரம்' என்பதோடு 'கொலாபரேஷன்' என்பதையும் ஏற்கின்றன. தமிழில் அது 'கூட்டு முயற்சி' ஆகும். இருவர் சேர்ந்து ஆக்கிய பணி என்றே பொருள்படும். ஒருவர் கொடுத்தார், மற்றவர் வாங்கினார் என்னும் செய்தி அதனுள் மறைந்துபோம். மேலும், விளம்பர மன்றத்தின் நெறிமுறைப்படி அறிவிப்பு ஆங்கிலத்தில் இருப்பினும் போதும். பேச்சு முழுதும் தமிழாக, அவ்வொரு சொல் மட்டும் ஆங்கிலமாயின், தைலம் வாங்கும் பாட்டி அதனை எங்ஙனம் அறிவார்? விதிக்கு அடங்கியும் உண்மையை மறைக்க இயலுமாயின், அவ்விதியால் யாது பயன்?

வெளிப்படையாகக் கூறினால் நம்பிக்கை குறையும் என்பார் உளர். பரிசிலை மறையாத பொருநன் பாட்டு நூற்றாண்டுகள் பல கடந்தும் மதிப்பிழந்திலது. வெளிப்படுத்துதல் பொய்யை மெய்யாக்காது என்பதும் உண்மையே. எனினும் ஆராய்ந்து பார்க்கும் உரிமையை அது கேட்போனுக்கு அளிக்கின்றது.

ஆகவே, தமிழாசிரியர் ஆற்றுப்படை நடத்துங்கால், இக்காலப் பரிந்துரை ஒன்றையும் வகுப்பில் காட்டி, "இவர் யாரிடம் என்ன பெற்றார்?" என மாணவரை வினவுதல் நன்று. விடை கிடைக்காத இடத்தில் ஐயம் பிறக்கட்டும். "பணம் பெற்றுச் சொல்கின்றேன்" என்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை.