போட்டி மேடையும் முல்லை மோடியும்

வன்னியின் பாட்டு மரபு பற்றி மன்ற மலருக்கு நாலைந்து பக்கம் எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. மறுத்தால் மூத்தவர்கள் குறை நினைப்பார்கள். அதோடு, சில காலமாக மனத்தில் கிடந்து உறுத்தும் ஒரு விடயத்தைச் சபையில் வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. இந்த மலரைக் கையில் எடுப்பவர்கள் களரியில் ஆடியவர்கள், அல்லது ஆடியவர்களின் பிள்ளைகள். ஆகவே வடமோடி எது, தென்மோடி எது, தருவுக்கும் விருத்தத்துக்கும் என்ன வேறுபாடு என்று பாலர் வகுப்பு நடத்தப் போவதில்லை.

வன்னிக்கு ஒரே பாட்டுப் பள்ளி என்று யாராவது சொன்னால் அவர் கண்டி வீதியால் பஸ்ஸில் போனவராகத்தான் இருக்க வேண்டும். கிளிநொச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது குளத்தோடு வந்த ஊர். இரணைமடுவில் 1902இல் அணைக்கட்டு வேலை தொடங்கியது. பிறகு 1930கள் தொட்டு 1950கள் வரை குடியேற்றத் திட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க, குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்த சனம் மண்வெட்டியோடு காத்தான் கூத்தையும் கொண்டுவந்தது. முன்காத்தான், பின்காத்தான் என்று ஒரே வேடத்தைப் பங்கு பிரித்து விடியும்வரை சிந்துநடையில் பாடும் அந்தக் கூத்து உருத்திரபுரத்திலும் வட்டக்கச்சியிலும் இப்போது உள்ளூர்க் கூத்தாகவே ஆகிவிட்டது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கிளிநொச்சியில் இசைநாடகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. 2017 பெப்ரவரியில் மறைந்த எஸ். ஜி. சாந்தனை வெளியூரார் வேறு பாடல்களுக்காக அறிவார்கள். இசைநாடக மேடையிலும் கோயில் திருவிழாக்களிலும் பழகிய குரல் அது என்பதைக் கிளிநொச்சியார்தான் சொல்லவேண்டும். அவர் உச்சத்துக்குப் போனால் சொல் சிதையாது. அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும்.

வவுனியாப் பக்கத்தை நான் தொடவில்லை. அங்குள்ள நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள், அடுத்த மலரில் எழுதவும் வேண்டும்.

வயல்பாட்டு இன்னொரு பள்ளி. அதற்கு அண்ணாவியார் கிடையாது. அரிவு வெட்டுச் சிந்தும், சூடு மிதிக்கும்போது மாட்டை ஏவும் பாட்டும், பன்றிப்பள்ளும் குருவிப்பள்ளும், கொம்பன் யானையைக் கட்டிவந்த அரியாத்தையின் பேரிலான வேலப்பணிக்கன் ஒப்பாரியும் இந்த வகை. இவற்றுள் கணிசமானவை மெற்றாஸ்மயில் தொகுத்த ‘வன்னிவள நாட்டுப் பாடல்கள்’ நூலால் தப்பின. உழவு இயந்திரம் வந்து சூடு அடிக்கத் தொடங்கிய பிறகு மாட்டுக்குப் பாட வேண்டிய தேவை போய்விட்டது. தேவை போன பாட்டை மேடையில் வைத்துக் காப்பாற்றலாம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் மேடையில் சாக்குத்தலைப்பாகை கட்டிக்கொண்டு இல்லாத நெல்லை வெட்டும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பாட்டு எங்கே மூச்சு விடும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. அரிவாள் இழுபடும்போது அடி நீளும், கதிரைப் பிடியில் சேர்க்கும்போது அடி நிற்கும். இதைச் சுரம் போட்டு எழுதிக் கொடுக்க முடியாது.

இனி எங்கள் பக்கம். முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை என்று நந்திக்கடலோரம் கிடக்கும் ஊர்களின் கோவலன் கூத்துக்கு ஆய்வாளர்கள் ‘முல்லை மோடி’ என்று பெயர் வைத்தார்கள். வடக்கிலும் சேராமல் தெற்கிலும் சேராமல் நின்றதால் வைத்த பெயர். எங்களுக்கு அது வெறும் கூத்துத்தான். அதன் வேர் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குப் பாக்குத் தெண்டி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, காட்டு விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரித்து, பிறகு அதை வற்றாப்பளைக்கு எடுத்துச் சென்று பொங்கல் வைக்கும் கிரமத்தை நமது அங்கத்தவர் எல்லோரும் அறிவர். அதே சனம்தான் சிலம்பு கூறலைப் படிக்கக் கேட்டது. அதே சனம்தான் கோவலனைக் களரியில் ஆடக் கண்டது. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சினம் இங்கே பொங்கலால் ஆறியது என்று நம்புகிற ஊரில், கண்ணகி வேடம் கட்டுபவர் பாட்டைத் தன் திறமையைக் காட்டுவதற்காகப் பாட முடியாது. எங்கள் பள்ளியின் அளவுகோல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் அண்ணாவியார் தன் பெயர் அச்சில் வருவதை விரும்பியவரல்ல. மன்றத்தின் மூத்தோர் யாரைச் சொல்கிறேன் என்று அறிவார்கள், அது போதும். கூத்துப் பழக்கும்போது அவர் முதல் மாதம் பாட்டே தரமாட்டார். மத்தளத்தின் தொப்பியையும் வலந்தலையையும் காதால் பிரித்தறியும்வரை காலடி மட்டும்தான். பாட்டுக் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்ள விடமாட்டார். அவர் சொல்ல நாம் திருப்பிச் சொல்லவேண்டும், எழுதியது கையில் நிற்கும், சொன்னதுதான் நெஞ்சில் நிற்கும் என்பது அவர் கட்சி. வரவுப் பாட்டில் ஆட்டக்காரர் எவ்வளவு சுழன்றாலும் சொல் ஒவ்வொன்றும் கடைசி வரிசையில் பாயில் இருக்கும் கிழவிக்குக் கேட்கவேண்டும். கேட்டதா என்று விடியற்காலையில் அந்தக் கிழவியிடமே போய் விசாரிப்பார். மைக் பரவலாகிய பிறகும் பழக்கத்தின்போது அதைத் தொடவிடவில்லை.

பிற்பாட்டு விடயத்தில் அவர் இன்னும் கடுமை. ஆட்டக்காரன் பாடி விட்ட அடியைப் பிற்பாட்டுக்காரர் எடுக்கும் நேரத்தில்தான் ஆட்டக்காரனுக்கு மூச்சும் ஆட்டமும் கிடைக்கின்றன. அந்த எடுப்பு ஒரு கணம் பிந்தினால் கோவலன் தடுமாறுவான், ஒரு கணம் முந்தினால் சொல் விழுங்கப்படும். ஆகையால் பிற்பாட்டுக்காரர் நின்றபடியே ஆட்டக்காரனின் தோளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாயைப் பார்த்தால் பிந்திவிடும் என்பார். மற்றப் பள்ளிகளில் இவ்வளவு கண்டிப்பு இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, இருந்திருந்தால் நல்லதே. எங்கள் ஊர் முல்லைமணி ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தை எழுதிய காலத்தில் முள்ளியவளையில் நாடகம் வேறு, கூத்து வேறு என்று பிரிந்து கிடக்கவில்லை. ஒன்றில் பேசிய வாய் மற்றதில் பாடும்.

கூத்தைக் களரியிலிருந்து மேடைக்குத் தூக்கிய வரலாறு பேராதனையில் தொடங்குகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, அதைத் தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்று விடிய விடிய ஆடியதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அது கூத்துக்குச் செய்த பெரிய உபகாரம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. கூத்தாடியென்றால் முகம் சுளித்த படித்த வர்க்கம் அதன்பிறகுதான் முன்வரிசையில் வந்து இருந்தது. ஆனால் வித்தியானந்தன் சுருக்கியபோது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பக்கத்தில் இருந்தார். எதை வெட்டினால் இரத்தம் வரும் என்று அறிந்தவர் ஒருவர் உடனிருந்து வெட்டிய வெட்டு அது.

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் வந்ததும் வெட்டு பாடசாலைக்குப் போனது. பாடசாலை, வலயம், மாகாணம், தேசியம் என்று படி ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் நேரக்கணக்கு, புள்ளித்தாள், நடுவர் மேசை. துணுக்காயிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பிள்ளைகள் கொழும்பு மேடைக்குப் போனதே பெரிய காரியம் என்று சிலர் சொல்வார்கள். சரிதான். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்த சனத்தின் பிள்ளைகள், கூத்துடுப்பும் கொப்பியும் மத்தளமும் எல்லாம் போன வீடுகளின் பிள்ளைகள், மறுபடி கால் தூக்கி ஆடினார்களே என்று நானும் மகிழ்ந்தவன்தான். அந்த ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்பவன் நன்றி கெட்டவன்.

சென்னைத் தொலைக்காட்சி மேடைகள் இப்போது இதற்கும் மேலே ஒரு படியாக வந்து சேர்ந்துவிட்டன. 2015இல் கனடாவிலிருந்து போன ஈழத்துப் பிள்ளை ஜெசிக்கா சூப்பர் சிங்கர் ஜூனியரில் இரண்டாமிடம் பெற்று, பரிசான ஒரு கிலோ தங்கத்தை அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தபோது இங்கே வீடு வீடாகக் கண் கலங்கினார்கள். 2023 டிசம்பரில் அரியாலைக் கில்மிஷா ஜீ தமிழ் சரிகமபவில் முதலிடம் பெற்றாள். பெருமையான விடயங்கள், மறுப்பில்லை. ஆனால் அந்த மேடைகளில் ஏறிப் பெரும்பாலும் பாடுவது சினிமாப் பாட்டு. அங்கே போய் யாரும் எங்கள் விருத்தத்தைப் பாடி இடம் பிடிக்க முடியாது, பிடிக்கவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்த அளவுகோலை எடுத்துவந்து நமது பிள்ளைகளின் தொண்டையில் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஐரோப்பாவில் இருக்கும் நமது பிள்ளைகள் யூரோவிஷன் என்றொரு பாட்டுப் போட்டி பற்றிச் சொல்வார்கள். 1956இல் தொடங்கியது. பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் சட்டம். லக்சம்பர்க் என்ற மிகச் சிறிய நாடு அதில் ஐந்து தடவை வென்றிருக்கிறது. வென்ற ஐவரில் ஒருவர்கூட அந்த நாட்டவரல்ல, நால்வர் பிரான்சுக்காரர், ஒருவர் கிரேக்கப் பெண். போர்த்துக்கல் 1964இல் போகத் தொடங்கி, ஐம்பது வருடத்துக்கு மேல் வெல்லாமலே இருந்து, 2017இல் சல்வடோர் சொப்ரால் என்ற இளைஞன் சொந்த மொழியில், ஆரவாரம் ஒன்றுமில்லாமல் நின்று பாடி வென்றது. இரண்டும் வெற்றிதான். எனக்கு லக்சம்பர்க்கின் வழி வேண்டாம்.

ஆனால் நாம் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று பயமாக இருக்கிறது. யாரையும் குறித்துச் சொல்லவில்லை, எந்தப் பாடசாலையையும் எந்த மன்றத்தையும் சுட்டவில்லை, இப்போது பழக்குபவர்களில் பலர் என் மதிப்புக்குரியவர்கள். என்றாலும் நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதற்காக விருத்தத்தை இழுக்காமல் ஓட்டுகிறார்கள். நடுவரைக் கவர வரவாட்டத்தில் பரதத்தின் முத்திரையைச் செருகுகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்த குரல் நல்ல குரல்தான், ஆனால் தருவில் கமகம் போட்டால் கோவலன் சங்கீதக் கச்சேரிக்கு வழி தவறி வந்தவன் போல் தெரிகிறான்.

இவையெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பிற்பாட்டு. முதலில் பிற்பாட்டுக்காரர் கதிரையில் இருக்கத் தொடங்கினார்கள். வயது போனவர்கள், முழங்கால் வலி, சரி. பிறகு இளம் பிள்ளைகளும் இருந்தார்கள். வரிசையாக நீலப் பிளாஸ்ரிக் கதிரை, முன்னால் ஆளுக்கொரு மைக், மடியில் கொப்பி. இருந்துகொண்டு கொப்பியைப் பார்ப்பவன் ஆட்டக்காரனின் தோளை எப்படிப் பார்ப்பான்? பிறகு ஆட்கள் போதவில்லை என்று இருவராயினர். இருவர் போய் ஒருவரானார். இப்போது பிற்பாட்டை முன்கூட்டியே பதிவுசெய்து பென்ட்ரைவில் கொண்டுவந்து ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுக்கும் நிலையையும் கண்டாயிற்று. ஆட்டக்காரன் களைத்தாலும் அது நிற்காது, தடுமாறினாலும் தாங்காது, அவன் ஓரடியை உணர்ந்து மீளப் பாட நினைத்தாலும் விடாது. மனிதன் இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி ஆடுகிறான். அதற்குப் புள்ளியும் விழுகிறது, கைதட்டும் விழுகிறது, சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்தில் ஏறுகிறது. கதிரையில் இருந்த அன்றே தடுத்திருந்தால் பென்ட்ரைவ் வந்திராது என்பது என் முடிவு. கூத்து அழிந்ததென்று நாளைக்கு ஒருவர் ஆய்வு எழுதினால், போரை மட்டும் காரணமாகக் காட்டக்கூடாது, அந்த நீலக் கதிரையையும் எழுதவேண்டும். மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர்கள் சொல்லக்கூடும், சொல்லட்டும். போரில் அழிந்த கொப்பியை நினைவிலிருந்து மீள எழுதினோம். நின்று பாடும் பழக்கம் போனால் அதை எதிலிருந்து எழுதுவது?

நமது மன்றம் இந்த விடயத்தில் இதுவரை விட்டுக்கொடுக்கவில்லை. மூத்தவர்கள் உள்ளவரை விட்டுக்கொடுக்காது என்றும் நம்புகிறேன். போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டிக்கு ஆடும் கூத்தை விடிய விடிய ஆடிப் பழகிய பிறகு சுருக்குங்கள், சுருக்கியதையே முழுக்கூத்தென்று பழக்காதீர்கள். வைகாசிப் பொங்கல் முடிந்து சனம் ஓய்ந்திருக்கும் காலத்தில், வருடத்துக்கு ஒருமுறையாவது, மணி அடிக்காத, புள்ளி போடாத ஒரு முழு இரவுக் கோவலனை மன்றம் ஆடவேண்டும். வலயக் கல்வி அலுவலர்களையும் நடுவர்களையும் அன்றைக்கு அழைத்துப் பாயில் இருத்தவேண்டும்.

இன்னொன்று. முள்ளியவளை, குமுழமுனை, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் பழைய பாட்டுக் கொப்பிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன என்று கேள்வி. பெட்டியடியில் கறையான் தின்ன விடாமல் அவற்றை மன்றச் செயலாளரிடம் கொண்டுவந்து கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலக் கொப்பியை அன்றே திருப்பித் தருவோம்.