வட்டப்பாலையும் வெண்திரையும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் தமிழாசிரியர் பலர், யாழாசிரியன் அமைதி கூறும் பகுதியை அணுகியதும் விரைந்து கடந்துவிடுவர். இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுகின்றோம் அல்லேம். பல்லாண்டுகள் யாமும் அவ்வாறே கடந்தோம். அலகு இத்துணை, பாலை இத்துணை என உரையாசிரியர் சொற்களை ஒப்பித்துவிட்டு மாதவியின் ஆடலுக்குத் தாவுதல் எளிது. ஒலியைப் பற்றிய பகுதியை ஒலியின்றியே கற்பித்து வந்தோம் என்பதே உண்மை.

கணிப்பொறியும் ஒளிவீழ்த்தியும் வகுப்பறைக்கு வந்தபின் இக்குறை தீரும் என எதிர்பார்த்தோம். ஓரளவு தீர்ந்தது என்பதையும் முதற்கண் சொல்லிவிடல் வேண்டும். பல்லூடகம் என்றாலே முகஞ்சுளிக்கும் மூத்தோர் சிலருடன் யாம் உடன்படுவதற்கில்லை. வட்டப்பாலையையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு இராசி வீடுகளுள் ஏழனில் ஏழு நரம்புகளும் நிற்கும். துலாத்தில் குரல், தனுவில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிங்கத்தில் தாரம் என்பது உரைவழி நாம் அறியும் நிலை. அச்சிட்ட தாளில் இஃது உயிரற்ற கட்டம். கரும்பலகையில் வரையலாம், சுழற்ற இயலாது. திரையிலோ வட்டம் சுழல்கின்றது. துத்தம் குரலாய் நிற்கும் இடத்திற்கு வந்ததும் படுமலைப்பாலை ஒலிக்கின்றது. உழை வந்ததும் அரும்பாலை ஒலிக்கின்றது. ஒரு நரம்பையும் கூட்டாமல், குறைக்காமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினால் பண் வேறாகின்றது என்பதை இசை பயிலாத மாணவரும் செவியால் உணர்கின்றனர். பண்ணுப்பெயர்த்தல் என்னும் சொல்லுக்கு யாம் கூறிவந்த நீண்ட விளக்கங்கள் செய்யாத பணியை அரை நிமிட ஒலி செய்தது.

இனிக் குறைக்கு வருவோம். அது கருவியின் பழுதன்று. எம் படவில்லையின் பழுது.

செம்பாலைக்கு யாம் அமைத்திருந்த படவில்லையில் நரம்பின் பெயர்களும் அவற்றின்கீழ் 4, 4, 3, 2, 4, 3, 2 என்னும் அலகுகளும் இருந்தன. கூட்டுத்தொகை 22. அடியில் ‘அரிகாம்போதி’ என்று ஒரு சொல். அருகே அழுத்தினால் ஒலிக்கும் ஒரு பொத்தான். வயலின் பயின்ற மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, இவ்வெண்களை வைத்துப் பார்த்தால் கல்யாணி அன்றோ வருகின்றது?” என வினவினார். யாம் உடனே விடை கூற இயலாது நின்றோம்.

மாணவி வினவியது முற்றும் பொருந்தும். குரலுக்கு 4 அலகு என்பது எந்த இடைவெளியைக் குறிக்கின்றது? குரலிலிருந்து துத்தத்திற்கு ஏறும் இடைவெளியாயின், கைக்கிளைக்கும் உழைக்கும் இடையே 3 அலகும், உழைக்கும் இளிக்கும் இடையே 2 அலகும் விழும். தாரத்திற்கும் மேற்குரலுக்கும் இடையிலும் 2 ஆகும். எனவே உழை பிரதிமத்திமமாகவும், தாரம் காகலி நிடாதமாகவும் அமைந்து கல்யாணி பிறக்கும். அன்றி, கீழ்நரம்பிலிருந்து அவ்வந்நரம்புவரை ஏறும் இடைவெளியே அதன் அலகு எனக் கொள்ளின், கைக்கிளைக்கும் உழைக்கும் இடையே 2, விளரிக்கும் தாரத்திற்கும் இடையே 2, தாரத்திற்கும் மேற்குரலுக்கும் இடையே 4 என நின்று அரிகாம்போதி பிறக்கும். எண்கள் ஏழும் அவையே. எண்ணும் முறையே வேறு. இவ்வளவு பெரிய ஐயத்தை எம் படவில்லை ஒற்றைச் சொல்லால் மூடியிருந்தது.

மறுவகுப்பில் வட்டத்தைக் கொண்டே விடை கண்டோம். கும்பத்துக் கைக்கிளையும் மீனத்து உழையும் அடுத்தடுத்த வீட்டின. கடகத்து விளரியும் சிங்கத்துத் தாரமும் அவ்வாறே. ஆயின் சிங்கத்திற்கும் துலாத்திற்கும் இடையே கன்னி வெறுமையாய்க் கிடக்கின்றது. ஆகவே செம்பாலை அரிகாம்போதியே எனக் கொண்ட எஸ். இராமநாதன் முதலியோர் முடிபு இவ்விராசி நிலைக்கு ஒத்துவருகின்றது. மாணவி கேட்ட கல்யாணியும் இவ்வட்டத்திற்குப் புறம்பானதன்று. தாரம் குரலாகும்போது பிறக்கும் மேற்செம்பாலை அதுவே. முடிபு சரியாக இருந்தும் அதற்குரிய சான்றை மறைத்த படவில்லை, ஆராய்ச்சி மாணவர்க்குத் தீங்கே செய்தது. நூலில் ஐயத்திற்கிடமான வரியருகே மாணவன் வினாக்குறி இட்டுக்கொள்வான். திரையிலோ படவில்லை மாறிவிடுகின்றது. வினாக்குறி இட இடமில்லை.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. அதனை யாம் நெடுநாள் உணர்ந்திலேம். வகுப்பிற் பயன்படும் இசைமென்பொருள்கள், தனியே மாற்றியமைக்காத வரையில், மேனாட்டு விசைப்பலகையின் சமப்பகுப்பு முறையிலேயே ஒலிக்கின்றன. ஒரு தானத்தை 1200 சென்டுகளாக்கி, பன்னிரண்டு சுரங்களுக்கும் நூறு நூறாகப் பங்கிடுவது அம்முறை. அதன்படி குரலிலிருந்து துத்தத்திற்கு 200; துத்தத்திலிருந்து கைக்கிளைக்கும் 200. உரையோ முன்னதற்கு 4 அலகும் பின்னதற்கு 3 அலகும் கூறுகின்றது. இருபத்திரண்டையும் சமமாகப் பகுத்தால் 4 அலகு ஏறத்தாழ 218 சென்டு, 3 அலகு ஏறத்தாழ 164 சென்டு ஆகும். அலகுகள் சமமானவையா என்பதே தனி வழக்கு, அது நிற்க. படவில்லையின் எழுத்து 22 என்று சொல்ல, அதன் ஒலி வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அவ்வேறொன்று யாது? தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 22 அலகுக் கொள்கையை மறுத்து, 24 சம அலகுகள் என நிறுவ முற்பட்டார். முழுச்சுரத்திற்கு 4, அரைச்சுரத்திற்கு 2 எனப் பங்கிட்டால் விசைப்பலகையின் பன்னிரு சமப்பகுப்பே கிடைக்கும். அவர் பல நூறு பக்கங்களில் வாதிட்டதை எம் கணிப்பொறி ஒரு வாதமுமின்றி வகுப்பில் நாள்தோறும் நிறுவி வந்தது! பண்டிதர் கொள்கை சரியோ தவறோ, அஃது ஈண்டு எம் ஆராய்ச்சி அன்று. ஆயின் தீராத வழக்கில் தீர்ப்புக் கூறும் உரிமையைப் பொறிக்கு யாம் கொடுத்தோம் அல்லேம்.

பண்டிதர் தாம் அவ்வாறு செய்தாரல்லர். 1916இல் பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் தம் பெண்மக்களை வீணை இசைக்கச் செய்து, தம் கொள்கை இன்னதென அறிவித்தே அதனைக் கேட்பித்தார். மறுப்போர் மறுக்க வழியிருந்தது. விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோதும் யாழ்கள் அவைக்கு வந்தன. ஒலியைச் சான்றாகக் காட்டல் நம் இசைத்தமிழ் ஆராய்ச்சிக்குப் புதிதன்று. காட்டுவது எது, கருதிக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்வதே அவர்கள் நெறி.

கமகத்தைப் பற்றி விரித்தெழுத வேண்டா. பொத்தானை அழுத்தி எழும் தனிச்சுரங்களின் வரிசை பாலையின் எலும்புக்கூடு மட்டுமே என்பதை மாணவர் எளிதில் ஒப்புவர். ஓதுவார் ஒருவரின் ஒலிப்பதிவை அடுத்துக் கேட்பித்தால் போதும். ஒலியனியல் மாணவர் பேச்சொலிக்குப் பயன்படுத்தும் பிராட் மென்பொருளில் அப்பதிவை இட்டால், காந்தாரம் ஒரு கோடாக நில்லாது அலையாக அசைவது கண்ணுக்கும் புலனாகும்.

அப்படவில்லையை யாம் இப்போது திருத்தியுள்ளோம். இராகப் பெயர் முதலில் இல்லை. ஏழெண்களின்கீழ் இரு பொத்தான்கள் உள்ளன. ஒன்று கீழ்நரம்பிலிருந்து எண்ணியது, மற்றொன்று மேல்நரம்பு நோக்கி எண்ணியது. ஒவ்வொன்றையும் சமப்பகுப்பிலும், சென்டு கணக்கில் திருத்திய 22 அலகிலும் மாறி மாறிக் கேட்கலாம். எம்முறையில் ஒலிக்கின்றது என்பது திரையின் மூலையில் எழுதப்பட்டிருக்கும். மாணவர் கேட்டு, இராசி வட்டத்தைச் சுழற்றி, தம் முடிபை எழுதிய பின்னரே அடுத்த படவில்லைக்குச் செல்கின்றோம். ஒரு மணி நேரத்தில் முடிந்த பாடத்திற்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகின்றது. மாதவியின் ஆடல் மறுவாரத்திற்குத் தள்ளிப்போகின்றது.