அம்பாசிடரா, பத்மினியா: ஆள் ஏறிய பிறகு பார்ப்போம்

பழைய கார் பிரியர்கள் கூடினால் இந்த வழக்கு வராமல் போகாது. 1,489 சிசி எஞ்சினைக் காட்டி அம்பாசிடர் கட்சி பேசும். பத்மினிக்கு 1,089 சிசிதான். ஆனால் சிசியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடருக்குச் சுமார் 50 குதிரைத்திறன், ஏறத்தாழ 1,100 கிலோ எடை. ஃபியட் 1100 வழிவந்த பத்மினிக்குச் சுமார் 40 குதிரைத்திறன், 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் டன்னுக்கு 45 குதிரைத்திறன் வாக்கில்தான் வருகிறது. ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றினால் 350 கிலோ கூடும். அப்போது அம்பாசிடருக்கு 34, பத்மினிக்கு 32. எடை குறைந்த வண்டியைத்தான் சுமை அதிகம் பாதிக்கிறது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் பெரிய எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டிலும் ஸ்டீயரிங்கை ஒட்டிய ஹேண்ட் கியர்தான். தேய்ந்த லிங்கேஜோடு ஒவ்வொரு வளைவிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும் கைக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும்.

பத்மினிக்குத்தானே பிக்கப் அதிகம் என்பார்கள். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது, நகரத்துக்குள், அப்படித்தான் தோன்றும்: வீல்பேஸ் 2,340 மில்லிமீட்டர், அம்பாசிடரைவிட 12 சென்டிமீட்டர் குறைவு, சந்துபொந்தில் சட்டென்று திரும்பும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். இன்னொரு வாதம், மும்பை டாக்ஸிகள். 2023 வரை பத்மினி அங்கே சுமை இழுக்கவில்லையா? இழுத்தது, பெரிய ஏற்றமில்லாத ஊரில். கொல்கத்தாவும் சமவெளிதான், அங்கே நீண்ட காலம் டாக்ஸி என்றால் அம்பாசிடர்தான். இதில் எஞ்சினின் தகுதியைவிடத் தொழிற்சாலையின் முகவரிதான் தெரிகிறது: பத்மினி பிறந்தது மும்பை குர்லாவில், அம்பாசிடர் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில்.

அம்பாசிடரின் எடைக்கு மறுபக்கமும் உண்டு. ஏற்றத்தில் கிடைத்த சாதகம் இறக்கத்தில் கடனாகத் திரும்பும். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் தளரும், ஆளோடு ஒன்றரை டன் வண்டியில் அது சீக்கிரமே நடக்கும். பத்மினிக்கும் டிரம்தான், ஆனால் நிறுத்த வேண்டிய எடை 200 கிலோ குறைவு. குடும்பத்தோடு மலைக்குப் போக நான் அம்பாசிடரையே சொல்வேன். ஏறிய கியரிலேயே இறக்குபவர்களுக்கு மட்டும்.