கறை போக்கும் இலக்கியம்

வீட்டுக் குறிப்புகளை இலக்கியத்தில் சேர்க்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், தாராளமாகச் சேர்க்கலாம் என்பேன். நாவலாசிரியன் சொன்னதை நம்பி யாரும் அடுப்பங்கரைக்கு ஓடுவதில்லை. குறிப்பெழுதுகிறவர் சொன்னதை நம்பி ஓடுகிறார்கள். இவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்த ஓர் எழுத்தை நம் விமரிசகர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை. சென்ற ஆண்டு ஓசூரில், ஒரு சனிக்கிழமை இரவு, அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

வாய்த்த விதம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. என் அக்கா மகளும் அவள் கணவரும் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்து, அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். இருவருக்கும் தொழிற்சாலை உத்தியோகம். மாப்பிள்ளைக்கு உத்தியோக உயர்வு என்று நண்பர்கள் இருவர் வந்தார்கள்; வரும்போது ஒரு புட்டி சிவப்பு ஒயினும் கொண்டுவந்தார்கள். அரை மணி நேரத்தில் ஒருவருடைய முழங்கை பட்டு ஒரு கோப்பை கவிழ்ந்தது. வெறும் தரையில் கவிழ்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கவிழ்ந்தது காஷ்மீரத்துக் கம்பளத்தின் மேல். அசல் ஆட்டு ரோமம். நடுவில் சந்தன நிறம், ஓரத்தில் சிவப்புப் பூக்கள். என் அக்கா மகளின் மாமியார் யாத்திரை போனபோது வாங்கி, குழந்தையைப்போல் பத்திரமாகச் சேலத்துக்குக் கொண்டுவந்து, புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்தது. அந்த அம்மாள் திங்கட்கிழமை காலை வருவதாக இருந்தார். அந்த வீட்டில் காப்பியைத் தவிர வேறு பானமும் புழங்குகிறது என்பது அவருக்குத் தெரியாது.

நண்பர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை கைபேசியை எடுத்துக் குறிப்புகளை உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஏழு குறிப்புகள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க என்னுள் இருந்த விமரிசகன் விழித்துக்கொண்டான்.

முதல் குறிப்பு, கறை மீது கொதிக்கும் வெந்நீரை உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னது. மூன்றாவது, வெந்நீரைக் கிட்டவே கொண்டுவராதே என்று எச்சரித்தது. இரண்டுக்கும் நடுவே, சிவப்பு ஒயின் கறையின் மீது வெள்ளை ஒயினை ஊற்று என்று ஒன்று. (ஒரு புட்டி செய்த குற்றத்துக்கு இன்னொரு புட்டி பரிகாரம்! இதை எழுதியவர் நிச்சயமாகக் கறையைப் பற்றிக் கவலைப்பட்டவரல்ல.) பிறகு உப்பு, சமையல் சோடா, வினிகர், கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு.

வெந்நீர் விஷயத்தில் இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. முன்னவர் மனத்தில் இருந்தது பருத்தி மேஜை விரிப்பு. அதை ஒரு பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி மேலிருந்து வெந்நீர் ஊற்றினால், சாயம் நீரோடு கீழே இறங்கிவிடும். பின்னவர் மனத்தில் இருந்தது தரையில் கிடக்கும் கம்பளம். அதில் ஊற்றிய நீர் எங்கே இறங்கும்? அடியிலேயே தங்கும், ஆட்டு ரோமம் சூட்டில் சுருங்கும். ஆனால் தம் மனத்தில் இருந்த துணி எது என்று இருவருமே சொல்லவில்லை. கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் விம்மி விம்மி அழுகிறாள், ஏன் என்று ஆசிரியர் சொல்லவில்லை என்றால் நாம் புத்தகத்தைத் தூர வைத்துவிடுகிறோம். காரணம் சொல்லாத குறிப்பை மட்டும் கையில் வாளியோடு பின்பற்றுகிறோம்.

நான் என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மடித்து, கறை மேல் வைத்து அழுத்தினேன். தேய்க்கவில்லை. வெள்ளைத் துணிதான் வேண்டும். சாயத் துணியானால் அதன் சாயமும் இறங்கிக் கறைக்குத் துணை சேர்ந்துவிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்து, மறுபடி ஒற்றினேன். வேட்டி நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆயிற்று. பாதிக் கறை அதிலேயே வந்துவிட்டது. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். மாப்பிள்ளைக்கு அது இல்லை. நான் வேட்டியின் அடுத்த துண்டை எடுக்க உள்ளே போன சமயத்தில் சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவிவிட்டார்.

"மாமா, நீலமாகிறது மாமா!" என்று என் அக்கா மகள் அலறினாள்.

ஆகத்தானே செய்யும்? திராட்சைத் தோலிலுள்ள நிறப்பொருளுக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பில் சிவப்பாக இருக்கும்; காரத்தில் நீலத்துக்குத் திரும்பும். ஒயின் புளிப்பு, சோடா காரம். நான் கல்லூரியில் பாதியில் விட்ட ரசாயனத்தில் இவ்வளவு மிச்சமிருந்தது என்று எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் வினிகரில் நிறைய நீர் கலந்து ஒற்றியதும் நீலம் போய் இளஞ்சிவப்பு திரும்பியது. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாவதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். இதுவும் அதற்கு உறவுமுறைதான். குறிப்பெழுதியவர் இதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். "நிறம் மாறினால் பயப்படாதே" என்று எழுத ஒரு வரி கூடவா இடமில்லை?

இங்கே ஒரு பழைய மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் சலவைக்காரர் ஒருவர் இருந்தார். துணியை நீட்டினால் மூன்று கேள்வி கேட்பார்: என்ன பட்டது, எப்போது பட்டது, இது என்ன துணி? மூன்றுக்கும் பதில் வராமல் உவர்மண்ணைத் தொடமாட்டார், வெள்ளாவியில் வைக்கமாட்டார். கறை போக்குவதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதரே ஒவ்வொரு துணியிலும் சேங்கொட்டைச் சாறால் ஓர் அடையாளம் போடுவார். அந்தக் கறை எந்தச் சலவைக்கும் போகாது. எந்தக் கறை போகும், எது போகாது என்ற ஞானம் முழுவதும் அந்தச் சிறு புள்ளியில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகளில் காய் பறிக்கிறவர்களுக்கும் இந்த ஞானம் உண்டு. காம்பிலிருந்து வடியும் பால் சட்டையில் பட்டுக் காய்ந்தால் கறுத்துவிடும் என்று தெரிந்து, அதற்கென்றே ஒரு பழைய சட்டையை வைத்திருப்பார்கள்.

நம்முடைய பழைய விரிப்பு ஜமக்காளம். பவானியில் நெய்த முரட்டுப் பருத்தி. எது கொட்டினாலும் சுருட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அடித்துத் துவைத்து வெயிலில் போடலாம். கம்பளம் விருந்தாளி, அதைக் கிணற்றடிக்கு அழைக்க முடியாது. கைபேசிக் குறிப்புகள் ஏழும் விருந்தாளியின் ஊரில் எழுதப்பட்டவை. ஓசூர் வீட்டுக் குழாயில் வருவது சோப்பு நுரைக்காத ஆழ்குழாய் நீர் என்பது அவற்றுக்குத் தெரியாது. மாமியார் என்று ஒருவர் உண்டென்பதும் தெரியாது. அங்கெல்லாம் கறை என்றால் கம்பளத்தின் விலை மட்டுமே நஷ்டம்.

இங்கே விஷயம் வேறு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1929-இல் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். கூட இருந்து உழைத்தவர் கல்கி. 1937 அக்டோபரில் சென்னை மாகாணப் பிரதமராக இருந்து அவர் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. அதே மண்ணில், எழுபதுகளுக்குப் பின் எழுந்த தொழிற்சாலைகளின் நிழலில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கர்நாடகம் என்ற இடத்தில், ஒரு கோப்பை கவிழ்ந்திருக்கிறது. சேலத்தில் பிறந்து வளர்ந்த அந்த அம்மாளின் தகப்பனார் கதர்க்காரர். ஆகவே என் அக்கா மகள் அன்றிரவு துடைத்துக்கொண்டிருந்தது கறையையா, சாட்சியத்தையா என்று கேட்டால், எனக்குப் பதில் சொல்லத் தெரியும்; அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை.

கடைசிக் குறிப்புக்கு வந்தோம். ஹைட்ரஜன் பெராக்சைடும் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் சரி பாதி. கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பல முறைகளை ஒப்பிட்டுச் சோதித்தபோது முன்னுக்கு வந்தது இந்தக் கலவைதான். மருந்துக் கடையில் மூன்று சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். அது நிறப்பொருளையே சிதைத்துவிடும். எந்த நிறப்பொருளை என்று அது தேர்ந்தெடுக்காது. ஒயினின் சிவப்பும் நெசவாளியின் சிவப்பும் அதற்கு ஒன்றுதான். குளோரின் வெளுப்பானைவிட இது சாது என்பதையும் சொல்லவேண்டும். குளோரின் ஆட்டு ரோமத்தையே கரைத்துவிடும். "முதலில் மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கவும்" என்ற வாக்கியம் அந்தக் குறிப்பில் இருந்தது. எங்கே? கடைசி வரியில்! மாப்பிள்ளை அந்த வரியை வாசிக்கும்போது கலவை கம்பளத்தில் இறங்கிக் கால் மணி ஆகியிருந்தது. முதலில் செய்யவேண்டியதைக் கடைசியில் சொல்கிறவருக்குக் கதை சொல்லத் தெரியாது என்று நான் தீர்ப்பளிப்பேன். தொடர்கதைக்காரர்கள்கூட இவ்வளவு தாமதிப்பதில்லை.

விடியும்போது கறை இல்லை. சந்தன நிறத்தில் எங்கே ஒயின் கொட்டியது என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. ஆனால் பக்கத்திலிருந்த இரண்டு சிவப்புப் பூக்கள் ரோஜா நிறத்துக்கு வெளுத்துவிட்டன. ஞாயிறு முழுவதும் மின்விசிறிக்கு அடியில் கம்பளம் காய்ந்தது. நாங்கள் மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

திங்கட்கிழமை அந்த அம்மாள் வந்தார். சோபாவில் உட்கார்ந்து, கால் வைத்த இடத்தைப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, இந்தப் பூ மட்டும் வெளுத்திருக்கு?"

"திராட்சை ரசம் கொட்டிடுச்சு அத்தை" என்றாள் என் அக்கா மகள்.

கிறிஸ்தவர்களின் தமிழ் வேதாகமத்தில் ஒயினுக்குத் திராட்சரசம் என்றுதான் பெயர். ஆகவே அவள் சொன்னது பொய்யல்ல. அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், எழுத்தாளனான என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அந்த டீப்பாயை இப்படித் தள்ளிப் போடு. நாலு பேர் வர்ற இடம்" என்றார். மாப்பிள்ளை தள்ளிப் போட்டார். இரண்டு பூக்களும் மறைந்தன. அந்த அம்மாள் காப்பி கேட்டார்.